கலர் மாறாதுங்க

ஆரணியில் ஒரு செல்போன் கடையில் மூன்றரை வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி, ப்ரோமோட்டர்களுக்கு நாற்காலி கிடையாது. கடை வேறு ஒருவருடையது. நான் அந்தக் கடைக்குள் ஒரு பெரிய கம்பெனியின் ஆள். வருகிறவர்களிடம் அந்தக் கம்பெனியின் போன்களை மட்டும் எடுத்துக் காட்டி, அதன் பெருமையை மட்டும் பேசி, வாங்க வைக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பெனியின் டீ-சர்ட் போட்ட அக்கா நிற்பார். வாசலில் ஆள் நுழைந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்போம். யார் சிரிப்பு முதலில் போய்ச் சேருகிறதோ அவர் போனுக்கு அன்று யோகம்.

எங்கள் ஊர் கண்ணமங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்துதான் என்னை பி.காம். படிக்க வைத்தார்கள். கம்பெனி பெயர் போட்ட சாம்பல் நிற டீ-சர்ட்டும் கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டும் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். அம்மா அந்த டீ-சர்ட்டை மற்ற துணிகளோடு சேர்த்து ஊறப்போட மாட்டாள். வேலியில் காயப்போட மாட்டாள். பஸ்ஸில் யாராவது விசாரித்தால் "கம்பெனில இருக்குது" என்று மட்டும் சொல்வாள். கடை என்ற சொல் ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை. நானும் திருத்தியதில்லை, எனக்கும் அது பிடித்திருந்தது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், அந்தக் கார்டை நான் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன் என்று தெரிந்தால்தான் நான் செய்தது புரியும். புரியும் என்றுதான் சொல்கிறேன். சரி என்று சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்குப் போக ஒரு குறுக்குத் தெரு உண்டு. அந்தத் தெருவில் ஒரு சாயப் பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற இடம். பட்டறை என்றதும் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு அடுப்பு, இரண்டு அண்டா, நூல் காயப்போட மூங்கில் கழிகள், அவ்வளவுதான். பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எப்போது பார்த்தாலும் முழங்கை வரை ஏதாவது ஒரு கலர் ஏறியிருக்கும். அவர் மனைவியும் கூடவே நின்று அடுப்புத் தள்ளுவார். தெருச் சாக்கடையைப் பார்த்தாலே அன்று என்ன கலர் போட்டார்கள் என்று தெரிந்துவிடும். ஒருநாள் வாடாமல்லி ஓடும், ஒருநாள் கிளிப்பச்சை ஓடும், முகூர்த்த மாதம் நெருங்கினால் அரக்கு மட்டுமே ஓடும்.

ஒருநாள் காலையில் நான் தாண்டிப் போகும்போது அவர் கூப்பிட்டு நிறுத்தினார். நேற்றுப் போட்டிருந்ததும் இன்று போட்டிருப்பதும் வேறு வேறு டீ-சர்ட்டா என்று கேட்டார். இரண்டுமே கம்பெனி கொடுத்ததுதான், ஒரே சாம்பல்தான் என்றேன். "இல்ல. நேத்து போட்டதுல ஒரு துளி ஊதா இருந்துச்சு. இதுல இல்ல" என்றார். வீட்டுக்குப் போய் இரண்டையும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் வருஷம் கொடுத்ததில் லேசாக ஊதா ஓடியது, அடுத்த வருஷம் கொடுத்தது சுத்தமான சாம்பல். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது, தெருவில் நடந்து போகிறவளைப் பார்த்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் என்னைக் கம்பெனிப் பாப்பா என்பார்.

நான் சேரும்போதே எங்கள் கம்பெனிக்கு இறங்குமுகம். ஒரு காலத்தில் எல்லோர் கையிலும் இருந்த போன்தான். அப்புறம் பாதி விலையில் ஏழெட்டுக் கம்பெனிகள் வந்துவிட்டன. விலைகூடப் பரவாயில்லை, எங்கள் போனுக்கு இன்னொரு குறை இருந்தது. அதன் கேமரா இருப்பதை இருக்கிறபடி காட்டும். பக்கத்து அக்காவின் போனில் செல்ஃபி எடுத்தால் யாராக இருந்தாலும் பவுடர் பூசி ரோஸ் தடவின மாதிரி வரும். எங்கள் போனில் எடுத்தால் வெயிலில் பஸ்ஸுக்கு நின்று வந்த முகம் அப்படியே வரும். "இன்னாம்மா, இவ்ளோ கறுப்பா காட்டுது" என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டு அக்கா பக்கம் போவார்கள். உண்மையைக் காட்டுகிற போனை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தக் குறைதான் இந்த ஊரில் எனக்குச் சோறு போட்டது. ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் பாதி வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. சேலையைப் படம் எடுத்து அனுப்புவார்கள், சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்துகொண்டு "இந்தக் கலர்" என்று சொல்வார்கள், சேலை போய்ச் சேர்ந்ததும் "படத்துல இருந்த கலர் இது இல்ல" என்று திருப்பி அனுப்புவார்கள். வியாபாரிகளுக்கு இது பெரிய பேஜார். ஒருநாள் கடை ஓனரிடம் சொல்லிவிட்டு, டெமோ போனை எடுத்துக்கொண்டு எதிர்வரிசையில் இருந்த ஒரு பட்டுச்சேலை வியாபாரியின் கடைக்குப் போனேன். ஒரு சேலையை வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லி, அவர் போனிலும் எங்கள் போனிலும் படம் எடுத்து, இரண்டையும் சேலைமேலேயே வைத்துக் காட்டினேன். எங்கள் போனில் சேலை எது, படம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் தனக்கு ஒன்றும் கடை ஆளுக்கு ஒன்றும் வாங்கினார். அப்புறம் அந்தத் தெருவில் மற்றவர்களும் வாங்கினார்கள். வேலூரில் நடந்த மீட்டிங்கில் என்னை எழுப்பி நிறுத்திக் கை தட்டினார்கள். அன்றைக்கு நான் சொன்னது பொய் இல்லை. இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் கம்பெனி ஆட்களைக் குறைக்கிறது என்று செய்தியில் வர ஆரம்பித்தது. முதலில் எங்கேயோ வெளிநாட்டில். அப்புறம் பெங்களூர் ஆபீஸில். எஞ்சினியர்களே வீட்டுக்குப் போகிறார்கள் என்றால் நாங்கள் எம்மாத்திரம் என்று வேலூர் மீட்டிங்கில் பேசிக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் நாற்காலிகள் குறைந்தன. ஏரியா மேனேஜர் மாறிக்கொண்டே இருந்தார்.

அப்படி வந்த ஒரு மேனேஜர்தான் அந்த அப்டேட்டைப் பற்றிச் சொன்னார். இனிமேல் நம் போனும் மற்ற போன்கள் மாதிரியே அழகாகப் படம் எடுக்கும், எல்லாருடைய போனிலும் தானாகவே வந்துவிடும், யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். ஸ்கிரீனில் இரண்டு படம் போட்டார். முதல் படத்தில் ஒரு தட்டில் வெங்காயம் இருந்தது. இரண்டாவது படத்திலும் அதே வெங்காயம்தான், ஆனால் ரோஜாப் பூ மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு அந்த நிமிஷமே ஆரணி பட்டுத் தெரு ஞாபகம் வந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. தெரியாமல் இருந்திருந்தால் வேறு. எனக்குத் தெரிந்தது. கையைப் பாதி தூக்கி, சார், இதை வேண்டாம் என்றால் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். செட்டிங்கில் உள்ளே உள்ளே போனால் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கஸ்டமரிடம் சொல்லாதீர்கள், இப்போதுதான் நாமும் நாலு பேர் மாதிரி ஆகியிருக்கிறோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம், எந்தக் கடையில் ப்ரோமோட்டர் இருக்கலாம், எந்தக் கடையில் வேண்டாம் என்று லிஸ்ட் போடுகிறார்கள், போன் திரும்பி வந்த கடைகளின் பெயர்தான் அதில் முதலில் அடிபடும் என்று சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில், நாளைக்குப் போய் வியாபாரிகளிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு என்பது அடுத்த வாரம் ஆனது. அப்புறம் அதையும் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

எதிர்வரிசை வியாபாரிக்கு ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. போளூர் பக்கத்துக் குடும்பம், சென்னையில் இருக்கிறார்கள். பெண் வீட்டுச் சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே கலரில் கட்ட வேண்டும் என்று வெங்காயக் கலரில் சேலைகள் கேட்டார்கள். நூலுக்குச் சாயம் போட்டவர் நம் பட்டறை அண்ணா. காய்ந்த நூல் கட்டுகளைக் கடை ஆள் என்னிடம் வாங்கிய போனில் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். "இதேதான், ரொம்ப நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. நான்கு தறிகளில் பிரித்துக் கொடுத்து நெய்தார்கள். சேலைகள் வந்ததும் கல்யாண வீட்டார் நேரில் எடுக்க வந்தார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் முகம் மாறிவிட்டது. படத்தில் இருந்தது பளீரென்ற கலர். கையில் இருந்தது வெங்காயச் சருகு.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது நான் எதிரே கடையில் நின்று யாருக்கோ ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். பட்டுக்கடை ஆள் வந்து, முதலாளி ஒரு நிமிஷம் கூப்பிடறார் என்றார். போனேன். விரித்த பாய்மேல் சேலைகள் கிடந்தன. கல்யாண வீட்டுப் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக, கையைக்கூடக் கழுவாமல் வந்த மாதிரி, பட்டறை அண்ணா நின்றிருந்தார். அவர் மனைவி வாசல்படிக்கு வெளியே நின்றிருந்தார்.

வியாபாரியின் கட்சி ரொம்பத் தெளிவாக இருந்தது. சாயம் போட்ட அன்று எடுத்த படத்தில் நூல் பளீரென்று இருக்கிறது, இப்போது சேலை மங்கிக் கிடக்கிறது, அப்படியானால் நடுவில் சாயம் வெளுத்திருக்கிறது. சாயக்காரரைப் பார்த்து இதைவிடப் பெரிய வார்த்தை சொல்ல முடியாது. அண்ணா சத்தம் போடவில்லை. சாயம் போட்ட அன்றும் இதே கலர்தான், இன்றும் இதே கலர்தான், வேண்டுமானால் வெந்நீரில் போட்டுப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வியாபாரி போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, அப்படியானால் இது என்ன என்று கேட்டார். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏம்மா, நீதான குடுத்த இந்த போனு. இதுல கலர் மாறுமா?"

அண்ணா என்னைப் பார்த்தார். அதில் கெஞ்சல்கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார். என் கழுத்தில் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. மாறும் என்று சொன்னால் இந்தத் தெருவில் விற்ற போன் எல்லாம் நாளைக்குக் காலையில் எங்கள் கடை மேஜைமேல் இருக்கும். லிஸ்ட்டில் முதலில் அடிபடுகிற பெயர் என்னுடையது. இதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் ரொம்ப நேரம் யோசித்த மாதிரி இருக்கும். அவ்வளவு நேரம் ஆகவில்லை.

"மாறாதுங்க" என்றேன்.

அந்தச் சேலையையே அதே போனில் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அண்ணா வியாபாரியிடமிருந்து போனை வாங்கினார். படத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். சேலையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய்ப் பார்த்தார். பிறகு போனைக் கொடுத்துவிட்டு, "அப்ப சாயம் இல்லீங்க. என் கண்ணுதான்" என்றார். சாயம் வெளுக்கவில்லை என்பது அவருக்கு நிச்சயம். படம் பொய் சொல்லாது என்று கம்பெனிக்காரியே சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தது அவர் கண் ஒன்றுதான்.

அதற்கப்புறம் அந்த வியாபாரி அவருக்கு நூல் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஆரணியில் ஒரு கடையில் சொன்னது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். "அவுருக்கு கண்ணு போய்டுச்சாமே" என்று எங்கள் கடைக்கு சார்ஜர் வாங்க வந்த ஒருவர் சொல்லி நானே கேட்டேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் சார்ஜரைப் பையில் போட்டுக் கொடுத்தேன். குறுக்குத் தெருவில் சாக்கடை தெளிந்த தண்ணீராக ஓட ஆரம்பித்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சுற்றுவழியாக மெயின் ரோட்டில் போக ஆரம்பித்தேன். அம்மாவிடம் அந்தத் தெருவில் நாய் தொல்லை என்று சொன்னேன். அந்தத் தெருவில் ஒரு நாயும் கிடையாது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் அண்ணாவும் அவர் மனைவியும் எங்கள் கடைக்குள் நுழைந்தார்கள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நியாயமாகப் பார்த்தால், திட்டு வாங்கித் தீர்ந்துவிடும் என்று எனக்கு அன்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பக்கத்து அக்காவின் சிரிப்பு முந்திக்கொண்டு போனது. அதைத் தாண்டி அவர் நேராக என்னிடம் வந்தார்.

"அந்த மொதலாளி வெச்சிகினு இருக்காரே, கலர் மாறாத போனு, அத்த ஒண்ணு குடு பாப்பா. இனிமே அதுல பாத்துதான் சாயம் போடணும்" என்றார்.

இங்கேதான் நான் அதிகமாக வெட்கப்படுகிறேன். அன்று பட்டுக்கடையில் சொன்னதைப் பயத்தில் வாய்தவறி வந்தது என்று மழுப்பிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. எனக்கு நேரம் இருந்தது. போன் எதுவும் வேண்டாம், உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் இல்லையென்றால், பெட்டியைப் பிரித்து செட்டிங் போடும்போது அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதை நிறுத்தினால் இவர் போனும் வியாபாரி போனும் வேறு வேறு மாதிரி காட்டும், என்றைக்காவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் அதைத் தொடவில்லை. அவர் விரலைப் பிடித்து அழுத்திப் பூட்டுப் போடக் கற்றுக்கொடுத்தேன். சாயம் ஏறிய விரல் என்பதால் ரேகை பதியவே இல்லை, நாலு தடவை அழுத்தினோம்.

முதல் படமாக என்னைத்தான் எடுத்தார். முகத்தை அல்ல, டீ-சர்ட்டை. அன்று நான் போட்டிருந்தது சுத்தமான சாம்பல். அப்டேட் வந்த கேமரா அதில் இல்லாத ஊதாவைக் கொண்டுவந்து காட்டியது. அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

"பாத்தியா, இதுலயும் ஊதா இருக்குது. நான்தான் அன்னைக்கு இல்லன்னு தப்பா சொல்லிகினு இருந்தேன்" என்றார்.

அந்த மாதத்தில் நான் விற்ற கடைசி போன் அது. அதை விற்றதால் என் பெயர் லிஸ்ட்டில் கொஞ்சம் மேலே போயிருக்கும் என்று நினைத்தேன்.

லிஸ்ட் என்று ஒன்று இருந்ததா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒருநாள் காலையில் பஸ்ஸில் வரும்போது எங்கள் மாவட்ட வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். எல்லோரையும்தான். கடைக்கு வந்து சேர்வதற்குள் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். சின்னக் குரல், மனப்பாடம் செய்த மாதிரி பேசினார். இந்தப் பக்கத்து ஊர்க் கடைகளில் எல்லாம் ப்ரோமோட்டர்களை நிறுத்திவிட்டார்களாம். இத்தனை வருஷம் கம்பெனியில் வேலை செய்திருக்கிறேன், கம்பெனியிலிருந்து யாராவது பேச மாட்டார்களா என்று கேட்டேன். "மேடம், நீங்க கம்பெனி ஸ்டாஃபே இல்லீங்க. நீங்க எங்க ஏஜென்சி ஆளு" என்றார். அந்த ஏஜென்சியின் பெயரை நான் முதல் தடவையாக அப்போதுதான் சரியாகக் கேட்டேன். ஐடி கார்டை மட்டும் கூரியரில் அனுப்பிவிடச் சொன்னார். டீ-சர்ட்டை வைத்துக்கொள்ளலாமாம்.

யாருக்காக அன்று பொய் சொன்னேனோ அவர்கள் கணக்கில் நான் ஒருநாளும் இருந்ததே இல்லை. சிரிப்பாகத்தான் இருந்தது. கடையிலேயே நின்று சிரித்தேன், பக்கத்து அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். அம்மாவிடம் இரண்டு நாள் லீவு என்று சொன்னேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அன்றைக்கும் அவள் அந்த டீ-சர்ட்டைத் துவைத்து வழக்கம்போலக் கொடியில் தனியாகத்தான் போட்டாள்.

நான்காம் நாள் பட்டறைக்குப் போனேன். மனசாட்சி உறுத்திப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், இனி பயப்பட எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. இழக்க ஏதாவது இருந்தவரை எனக்கு மனசாட்சி வேலை செய்யவில்லை. வேலை போன பிறகு வந்த தைரியத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை, நீங்களும் நினைக்க வேண்டாம்.

அண்ணா கொட்டகைக்கு வெளியே வெயிலில் குந்தியிருந்தார். மடியில் ஒரு கட்டு நூல், கையில் அந்த போன். பிளாஸ்டிக் உறையைக்கூட முழுசாகப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார். நூலைப் படம் எடுத்து, கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, மனைவியிடம் போதும், இறக்கிவிடு என்றார். அண்டாவில் கிடந்த நூல் சோகை பிடித்த மாதிரி இருந்தது. எனக்கே தெரிந்தது. போனில் பளிச்சென்று தெரிவதால் அவர் சாயத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். இன்னும் வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும், இவர் சாயப்பொடியைக் கஞ்சம் பிடிக்கிறார் என்று பேச ஆரம்பித்துவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும், "நீ குடுத்த போன் இல்லன்னா நான் இன்னாத்த பண்ணியிருப்பேன் பாப்பா" என்றார்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. போனை வாங்கினேன். செட்டிங்கில் உள்ளே உள்ளே போய் அந்த ஒன்றை நிறுத்தினேன். அதே நூலை மறுபடியும் படம் எடுத்து, இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். போன்தான் கலரை ஏற்றிக் காட்டுகிறது, உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை, அன்று வெங்காயக் கலரை நீங்கள் போட்டபடியேதான் சேலை வந்தது என்று சொன்னேன். புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவரே போனை வாங்கி, என் கையை, தகரக் கூரையை, அடுப்பை எல்லாம் படம் எடுத்துப் பார்த்தார். பிறகு அண்டாவில் எட்டிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"அடியே, கண்ணு போவலடி" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். "நல்லாத்தான் இருக்குது. நான்தான் பேமானி மாதிரி இத்த நம்பிகினு இருந்தேன்."

அவர் கண்ணில் தண்ணீர் ஓடியது. என்மேல் ஒரு துளி கோபம் இல்லை. ஏதோ நான் வைத்தியம் பார்த்து அவருக்குக் கண் வர வைத்த மாதிரி என் தலையில் கை வைத்தார். என்னை அறைந்திருந்தால் அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. அண்டாவில் கழியைப் போட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

அண்ணா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்தக் கடைல கேட்டாங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அண்ணா குனிந்து மடியில் இருந்த நூலைச் சீவ ஆரம்பித்தார். சிக்கு ஒன்றும் இல்லாத நூல். போகட்டும் விடு, சின்னப் பெண், வேலைக்குப் பயந்திருக்கும் என்று மனைவியிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. மனைவி விடவில்லை. நாலு பேர் எதிரில் சொன்னதை நாலு பேர் எதிரில் வந்து திருப்பிச் சொல் என்றார். அது நியாயம்தான். வருகிறேன் என்றேன். அப்போதே கையைக் கழுவிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

பட்டுக்கடையில் அன்றும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறு கல்யாணம், வேறு சேலைகள், அதே பாய். அண்ணா உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டார். நான் போய் வியாபாரி எதிரில் நின்று, அன்று நான் சொன்னது பொய், போனில் கலர் மாறும், சாயத்தில் தப்பே இல்லை என்று சொன்னேன். அவருடைய போனையே வாங்கி செட்டிங்கை மாற்றி, ஒரு சேலையை இரண்டு விதமாகப் படம் எடுத்துக் காட்டினேன். அவர் இரண்டையும் பார்த்தார். பார்க்காமல் தட்டிவிடுகிற மனுஷன் இல்லை அவர். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். அங்கே கார்டு இல்லை.

"உன்ன கம்பெனில நிறுத்திட்டாங்களாமே" என்றார்.

"ஆமாங்க."

"அதான்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். வேலை போன ஆத்திரத்தில் அந்தக் கம்பெனியைப் பற்றி நாலு வார்த்தை பேசத்தான் தோன்றும், செட்டிங் என்றால் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம், அன்றைக்கு அது எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும் என்றார். சாயக்காரர் பாவம் என்று நீ சொல்ல வந்திருக்கிறாய், நல்ல மனசு, அதற்காக ஒன்றை மாற்றிப் பேசாதே என்று எனக்கே புத்தி சொன்னார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் சேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் மறுபடியும் சொன்னேன். முதல் தடவையைவிடச் சத்தமாகச் சொன்னேன். வேலூர் மீட்டிங்கில் வெங்காயப் படம் காட்டினார்கள் என்றேன். எங்கள் அம்மாமேல் சத்தியம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் பொய் சொல்கிறவள் மாதிரிக் கேட்டது. கார்டு போட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். இப்போது ஊர்ப்பட்ட வார்த்தை பேசியும் ஒருத்தரும் நம்பவில்லை. வியாபாரி கடை ஆளைப் பார்த்தார். கடை ஆள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, வாம்மா, கஸ்டமர் இருக்காங்க என்று மெதுவாகச் சொன்னார். நான் கையை உதறிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அப்போது வாசல்படிக்கு வெளியிலிருந்து அண்ணாவின் மனைவி பேசினார். வியாபாரியிடம் அல்ல, என்னிடம். திட்டுகிற குரலும் இல்லை, சமாதானம் சொல்கிற குரலும் இல்லை.

"இவரும் அன்னைக்கு இதே எடத்துலதான் இப்டி சொல்லிகினு நின்னாரு" என்றார்.

நான் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். வாசலில் விட்டிருந்த செருப்பு எது என்னுடையது என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.